இனிக்காத சீனித்தண்ணி

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, சீனி டப்பாவைத் திறந்து நாக்கில் துளி வைத்துப் பார்ப்பதுதான். இனித்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். கொரோனா போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஊரில் முகமூடி போட்ட ஆள் ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது. என் வீட்டுக்காரர் காட்டுக்குக் கிளம்பும்போது, "என்ன, இன்னைக்கு இனிக்குதா?" என்று கேட்பார். கேலியாகத்தான் கேட்பார். ஆனால் நான் பதில் சொல்கிற வரைக்கும் அவரும் செருப்பை மாட்டுவதில்லை.

பிறவியிலேயே பயந்த சுபாவம் எனக்கு. எட்டாவது முடித்ததும் அருப்புக்கோட்டை பஞ்சுமில் வேனில் ஏற்றிவிட்டார்கள். மிஷின் ஓடினால் பயம், திடீரென்று நின்றுபோனால் அதைவிடப் பயம். கல்யாணமாகி எம்.ரெட்டியபட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுக்கு வந்தேன். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற கரிசல் காடு. இங்கே மழை பெய்தாலும் பயம், பெய்யாவிட்டாலும் பயம் என்று எல்லோருமே இருந்ததால் என்னுடையது தனியாகத் தெரியவில்லை. வயிற்றில் பிள்ளை தங்கின பிறகுதான் தெரிந்தது.

அது கொரோனா இரண்டாவது தடவையாக வந்த சமயம். முதல் தடவை டவுனோடு நின்றது, இந்தத் தடவை ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. மேலத்தெருவில் ஒரே வாரத்தில் புருசன் பெண்சாதி இரண்டு பேரும் போனார்கள். நான் கத்தரிக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன செம்பை வெயிலில் வைத்தேன். வயிற்றில் பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒன்றுக்கு மூன்று தடவை ஓடியாயிற்று. நர்சம்மா வயிற்றில் கருவியை வைத்ததும் உள்ளே டொக்கு டொக்கென்று குதிரை ஓடுகிற சத்தம் கேட்கும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்புவேன். கடைசியில் ஆட்டோக்காரரே, "என்ன தாயி, இன்னைக்கும் பிள்ளை தூங்கிருச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இதனால் வீட்டில் ஒரு முடிவு வந்திருந்தது. நான் எதைச் சொன்னாலும் அதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது.

இன்னொரு முடிவும் வந்திருந்தது. பிறக்கிற பிள்ளைக்கு யார் சேனை வைப்பது என்று. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் முதலாகச் சீனித்தண்ணி தொட்டு வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அதனால் நல்ல குணமுள்ள ஆளாகத் தேடுவார்கள். என் மாமியார் தேடவே இல்லை.

"எம் மகதான் வைக்கணும். பிள்ளை இவள மாதிரி நிழலக் கண்டு பயந்துக்கிட்டுத் திரியக் கூடாது" என்றார்.

அவர் மகள் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி. காரியாபட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார்கள். மதினியின் புருசன் உள்ளே உட்கார்ந்திருப்பார், கடையை நடத்தினது மதினிதான். பருத்திக்கொட்டை லோடு வந்தால் லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்பது, மூட்டையை ஒரு பக்கம் தானே பிடித்துத் தூக்குவது எல்லாம் அவர்தான். குரல் கணீரென்று இருக்கும். கடையிலிருந்து கூப்பிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் ஏறப்போகிறவன் இறங்கிவிடுவான். அவருக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அவர் ஒரு இடத்தில் முகம் சுண்டி நின்று நான் பார்த்ததில்லை. என் பயத்தைக் கேலி செய்யாத ஒரே ஆளும் அவர்தான். "பயந்தா என்னடி, பயந்துக்கிட்டே செய்யி" என்பார்.

எனக்கும் அவர் வைத்தால்தான் நல்லது என்று இருந்தது.

பிரசவம் அருப்புக்கோட்டையில். அதற்கு முன்னால் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். பையன் பிறந்தான். குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி மெலிசாக இருந்தது. நர்சம்மாவிடம் பயந்துபோய்க் கேட்டேன். "சிலது அப்படித்தாம்மா. எல்லாப் பிள்ளையும் மைக் வச்சு அழுவுமா?" என்றார். கிளம்பும்போது, "தாய்ப்பாலைத் தவிர வேற எதையும் நாக்குல வைக்கக் கூடாது. தேனு, சீனித்தண்ணி, கழுதைப்பாலு ஒண்ணுங் கூடாது" என்று மாமியாரைப் பார்த்துச் சொல்லி அனுப்பினார். மாமியார் நன்றாகத் தலையாட்டினார். ஆட்டோவில் ஏறினதும், "அவுக சொல்லுவாக. அவுக நாக்குலயும் யாரோ ஒருத்தி வச்சுத்தான இம்புட்டுப் பேச்சு வந்துருக்கு?" என்றார்.

மதினி அன்று மத்தியானமே வந்துவிட்டார். மெயின் ரோட்டில் போலீஸ் நிறுத்துகிறது என்று காட்டுப்பாதை வழியாகப் புருசனோடு பைக்கில் வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. முகமூடி போட்டிருந்தார். கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். எனக்காகத்தான் அத்தனையும். "பாத்துக்கடி, முழங்கை வரைக்கும் கழுவியிருக்கேன். இன்னும் வேணும்னா முங்கி எந்திரிச்சு வாரேன்" என்றார்.

மாமியார் பாலாடைச் சங்கில் சீனித்தண்ணி கரைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையை மடியில் வாங்கினதும் மதினி முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டார். சேனை வைக்கிறவரின் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்பது முறை. நான் வாயைத் திறப்பதற்குள் விரலைத் தோய்த்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா, பச்சத்தண்ணிய மோந்துக்கிட்டு வந்துட்டியா? இனிப்பே இல்ல."

மாமியார் உள்ளே போய் இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார். மதினி மறுபடியும் விரலை வைத்து நக்கினார்.

"இப்பவும் சப்புனுதான் இருக்கு. சீனி நல்ல சீனியா, இல்ல ரேஷன்ல போட்ட மண்ணா?"

எல்லோரும் சிரித்தார்கள். "சரி, இருக்கது போதும். எந் நாக்குல இருக்க இனிப்பு அவனுக்குப் போதும்" என்று சொல்லி, அதே விரலைத் தோய்த்துப் பையனின் வாயில் வைத்தார். பையன் சப்பினான். அவன் கடைவாயில் ஒரு சொட்டு வழிந்தது. நான் என் விரலால் அதைத் துடைத்து, சேலையில் தேய்க்கப் போனவள், என்னவோ தோன்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

பாகு. தொண்டையைக் கரித்துக்கொண்டு போகிற இனிப்பு.

மதினியைப் பார்த்தேன். அவர் பையனின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "எலேய், அத்தைய நல்லாப் பாத்துக்கடா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்காரரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன்.

"ஏங்க, மதினிக்கு ருசி தெரியலங்க. அந்தத் தண்ணி பாகு மாதிரி இனிக்குது."

"வெயில்ல வந்துருக்கு. வாய் வறண்டுருக்கும்."

"ருசி போனா அதுதான்னு டிவியில சொல்றாகல்ல?"

"நீ டிவியப் பாக்காத முதல்ல" என்றார். "பிள்ளை பொறந்த வீட்டுல எங்கக்காளப் பாத்து ஒனக்குக் கொரோனான்னு சொல்லச் சொல்றியா? அதுக்கு எப்படி இருக்கும்?"

பிள்ளை இல்லாத ஒருத்தி ஆசையாக வந்து சேனை வைக்கிறபோது அதை எப்படிச் சொல்வது? உள்ளே போய்ப் பாலுக்கு அழுகிறான் என்று சொல்லிப் பையனை வாங்கிக்கொண்டேன். அவன் அழவில்லை. மதினிக்கும் அது தெரியும். ஆனாலும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மதினிக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. அதற்கடுத்து இருமல் என்று வந்தது. பிறகு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வந்தது. வீட்டில் எல்லோரும் மதினியைப் பற்றியே பேசினார்கள். நான் பையனின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கினால் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன், முழித்தால் நெற்றியில் வைப்பேன். மாமியார், "தொட்டுத் தொட்டே பிள்ளைக்குச் சூடு ஏத்திருவ போல" என்று சத்தம் போட்டார்.

ஒரு நாள் விடியற்காலை அவன் பாலை விட்டுவிட்டான். மார்பை வாயில் வைத்தால் ஒரு வாய் சப்புவான், மூச்சு வாங்கும், விட்டுவிடுவான். மூக்கின் இரண்டு பக்கமும் விடைத்து விடைத்து அடங்கியது. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அழக்கூட இல்லை. நான் பையனின் சட்டையைத் தூக்கி வீட்டுக்காரரிடம் காட்டினேன். அன்று அவர் பாதியைத் தள்ளவில்லை. ஓடிப்போய் ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழி முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டே விரட்டினார்.

அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டார்கள். போகிற வழிதான் காரியாபட்டி. தீவனக் கடை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் பார்த்தேன். கதவுக்கு முன்னால் பருத்திக்கொட்டை சிந்திக் கிடந்ததை இரண்டு ஆடுகள் நின்று தின்றுகொண்டிருந்தன.

அவ்வளவு சின்ன மூக்கில் அவ்வளவு நீளக் குச்சியை விட்டார்கள். பையனுக்கு இருந்தது. எனக்கு இல்லை. "நீங்க உள்ள வந்தா ஒங்களுக்கும் ஒட்டும். யோசிச்சுக்கோங்க" என்றார் டாக்டர். அவர் சொல்லி முடிக்கும்போது நான் உள்ளே இருந்தேன். வாழ்நாளில் பயப்படாமல் நான் செய்தது அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. ஆனால் பயந்துகொண்டேதான் செய்தேன்.

யாரிடமிருந்து வந்தது என்று டாக்டரைக் கேட்டேன். சேனை வைத்ததைச் சொன்னேன். "விரலா, மூச்சா, வேற யாரும் தூக்கினாங்களா, இதுன்னு சொல்ல முடியாதும்மா. இப்ப அதைப் பேசி ஆகப்போறது ஒண்ணுமில்லை" என்றார்.

பையனின் தலையைக் கண்ணாடிக் கூடு போல ஒன்றால் மூடி அதற்குள் ஆக்சிஜன் விட்டார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போனது. நான் பாலைப் பீச்சிக் கொடுத்தால் அதில் விடுவார்கள். உடம்பு முழுக்க வெள்ளை உடுப்புப் போட்டு வருகிற நர்சுகளில் யார் யார் என்று தெரியாது. கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்து இன்றைக்குப் பரவாயில்லையா, மோசமா என்று கணக்குப் போடுவேன். பால் சுரப்பது குறைந்துகொண்டே வந்தது. "பயந்தா பால் வத்தும்மா" என்று ஒரு நர்சு சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து, பயப்படக் கூடாதே என்று இன்னும் பயந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் பையனுக்கும் இதேதான், ஆனால் தேறிவிட்டான். குழாயெல்லாம் எடுத்தாகிவிட்டது. தொண்டை கிழிய அழுவான். "எம் மகன் அழுது ஒங்க மகன எழுப்பி விட்டுருவான் பாருங்கக்கா" என்பாள். அந்த வார்டில் எனக்கு ஆறுதலாக இருந்த பேச்சு அது ஒன்றுதான்.

மதினியும் அதே மதுரையில்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தார். பையனுக்கு வந்ததை அவரிடம் சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கேட்டால் அந்தச் செய்தியே அவரைக் கொண்டுபோய்விடும். ஆனால் ஒரு நாள் மதினி நேராக எனக்கே போன் போட்டார்.

"என்னத்தா, எப்படி இருக்கான் எம் மருமகன்?"

அந்தக் கணீர்க் குரல் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இழுத்தது.

"நல்லா இருக்கான் மதினி. தூங்குறான்."

"தம்பியக் கேட்டாலும் தூங்குறான்ங்குறான். அம்மாவக் கேட்டாலும் தூங்குறான்ங்குது. பொறந்த பிள்ளையா, கும்பகர்ணனா? அதென்ன பின்னால கீங்கு கீங்குன்னு?"

"டிவி, மதினி." பையனின் தலைமாட்டில் இருந்த மிஷின்தான் அது.

"டிவியில இம்புட்டு நேரமா ஒரே பாட்டா?"

நான் போனைக் கையால் பொத்தினேன். மதினியின் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"ஏத்தா, எனக்கு அன்னைக்குச் சீனி இனிக்கல. இங்க வந்தப்புறந்தான் சொல்றாக, ருசி போனா இதுதான்னு. நக்குன வெரல அப்படியே பிள்ளை வாயில வச்சேனடி. ஒனக்கு அப்பவே தெரிஞ்சுருக்கு. பிள்ளைய வாங்கிட்டுப் போன பாரு, அப்பவே தெரிஞ்சுருக்கு. எங்கிட்ட மறைக்காத. பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல மதினி. சத்தியமா."

"சத்தியம் வேணாம். அவன் அழுவுறதக் கேக்கணும். கேட்டாத்தான் நம்புவேன்."

கண்ணாடிக் கூட்டுக்குள் என் பையன் அசையாமல் கிடந்தான். அவனைக் கிள்ளினால்கூட அழ மாட்டான். அழுதாலும் அது கூட்டைத் தாண்டி வெளியே வராது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்தேன்.

திருச்சுழிப் பெண் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மார்பிலிருந்து அவனைப் பிரித்தாள். பாதிப் பாலில் பிடுங்கினால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? வீறிட்டான். அவள் எழுந்து வந்து அவன் வாய்க்கு நேராக என் போன் கையைப் பிடித்து வைத்தாள். கத்து கத்தென்று கத்தினான். காலை உதைத்தான். வார்டே திரும்பிப் பார்த்தது.

போனில் மதினி சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கி, மறுபடியும் வந்தது.

"ஆங்... இதான். இதான்டி சத்தம். என்னைய மாதிரியே கணீர்னு இருக்கு. சேனை பிடிச்சிருச்சு. சரி சரி, பாலக் குடு. பிள்ளைய அழுவ விடாத."

போனை வைத்துவிட்டார். அந்தப் பெண் மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "போதுமாக்கா? இல்ல, இன்னும் கொஞ்சம் அழுவ விடவா?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மதினியிடமிருந்து போன் வரவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு வெளியே நின்று இட்லிப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். அவர் கையை ஆட்டுவார். ஒரு நாள் நல்ல வெயில் நேரத்தில், தலை நனைந்து சொட்டச் சொட்ட, கட்டின வேட்டியும் ஈரமாக நின்றார். கையை ஆட்டவில்லை. போட்டிருந்த துணியோடு எதற்குக் குளிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மதினியைக் காரியாபட்டிக்குக்கூடக் கொண்டுபோக விடவில்லை. பிளாஸ்டிக்கில் கட்டி மதுரையிலேயே எரித்துவிட்டார்கள். முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை.

திருச்சுழிப் பெண்ணும் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் ஊரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பையன் தேறினான். ஒரேயடியாக இல்லை. ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று இழுத்தடித்துத்தான் தேறினான். கண்ணாடிக் கூட்டை எடுத்த அன்று மார்பில் போட்டேன். சப்பினான், விடவில்லை. வெள்ளை உடுப்புக்குள் இருந்த கண்கள் சிரித்தன. என்னால் சிரிக்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பின பிறகுதான் அந்தப் பேச்சு என் காதுக்கு வந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. 'பிறந்ததும் அத்தையைக் கொண்டுபோன பிள்ளை' என்று. சேனை வைத்த கை வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சலில் விழுந்துவிட்டதாம். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். பையனைத் தூக்கிக் கொஞ்ச வருகிறவர்கள் குறைந்தார்கள். தூக்கினாலும் முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு தூக்கினார்கள்.

இல்லை, அவரிடமிருந்துதான் இவனுக்கு வந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் செத்துப்போன மதினியின் மேல் பழி விழும். மகளைப் பறிகொடுத்த மாமியார் முன்னால் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் என் பையன் காலமெல்லாம் அந்தப் பேச்சைச் சுமப்பான். பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், பெண் கேட்கப் போகிற இடத்தில் சொல்வார்கள் என்று நான் அவன் கல்யாணம் வரைக்கும் போய்ப் பயந்துவிட்டு வருவேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மாமியாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பையனைக் குளிப்பாட்டுவார், தொட்டிலில் போடுவார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

மதினிக்கு வருசத் திதி எங்கள் வீட்டில் நடந்தது. மதினியின் புருசன் வந்திருந்தார், பங்காளிகள் வந்திருந்தார்கள். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். சொந்தக்காரப் பெண் ஒருத்தி அவனைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"என்னத்தச் சொல்ல. இவன் வந்த நேரம், மலை மாதிரி இருந்த அத்தையத் தூக்கிட்டுப் போயிருச்சு."

பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்த மாமியார் அப்படியே நிமிர்ந்தார்.

"யாரு யாரத் தூக்குனா?"

"இல்ல சின்னம்மா, ஊருல பேசுறதத்தான..."

"ஊரு வந்து பாத்துச்சா? நான் பாத்தேன். எம் மகதான் பிள்ளைக்குக் குடுத்துட்டுப் போனா. சீனித்தண்ணிய நக்கிப் பாத்துட்டு இனிக்கலன்னா. ரெண்டாந்தடவ நான் போட்டேன் பாரு ஒரு கரண்டி, ஊருக்கே பாயசம் வைக்கலாம். அதையும் இனிக்கலன்னா. கரைச்சவளுக்குத் தெரியாதா? எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. மகளாச்சேன்னு சிரிச்சுக்கிட்டு நின்னேன்." மூச்சு வாங்கினார். "பச்சப்புள்ள செத்துப் பொழச்சு வந்துருக்கு. இனிமே எவளாவது அவன் நேரத்தப் பத்திப் பேசுனா, இந்த வீட்டுல தண்ணி குடிக்க வரக் கூடாது. ஆமா."

மதினியின் புருசன் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். ஊரில் அந்தப் பேச்சு அன்றோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் காதில் விழுகிற மாதிரி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு கொல்லையில் பாத்திரம் துலக்க உட்கார்ந்தோம். மாமியார் சோற்றுப்பானையைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏத்தா, கடேசியா எம் மக பிள்ளை சத்தத்தக் கேட்டாளாம்ல? ஒம் புருசன் சொன்னான்."

"கேட்டாக அத்த."

"நல்லாக் கேட்டுச்சாமா?"

"நல்லாக் கேட்டுச்சு. தன்னைய மாதிரியே கணீர்னு இருக்குன்னு சொல்லிச் சிரிச்சாக."

மாமியார் தலையை ஆட்டிக்கொண்டார். பானையில் தண்ணீரை ஊற்றி அலசினார். அந்த நேரம் பார்த்து, என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் பசித்து அழ ஆரம்பித்தான். பிறந்தபோது இருந்த அதே பூனைக்குட்டிக் குரல். பக்கத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கே அடங்கிப்போகிற குரல்.

மாமியாரின் கை நின்றது. பையனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாம்பலைத் தொட்டுத் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் பானையைக் கவிழ்த்து வைத்தார். கையைச் சேலையில் நன்றாகத் துடைத்தார்.

"குடு இங்கிட்டு" என்று சொல்லிப் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.